ஸ்பிரிட் குறையாத ஆராய்ச்சி நிலையம்

உலகம்மைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். பூத்தண்டு வெட்டுகிற கத்தியை எதில் முக்கி எடுத்தால் அதில் ஒட்டிய வைரஸ் சாகும்? இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கென்றே, திருவனந்தபுரத்திலிருந்து பாலராமபுரம் போகிற வழியில் ஒரு மேட்டின்மேல் அரசாங்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டி வைத்திருந்தது. எந்தத் திரவத்தில் போட்டால் செடி வைரஸ் குலையும், எதில் போட்டால் குலையாது என்று பார்ப்பதைத் தவிர அங்கே வேறு வேலை கிடையாது. அந்த வருஷம் நிலையத்துக்குப் பொன்விழா வேறு. ஐம்பது வருஷமாய் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் பதில் இல்லாமலா போகும் என்று நம்பித்தான் அவள் ஆட்டோ ஏறினாள். நம்பினோர் கெடுவதில்லை என்பதெல்லாம் கோயிலோடு சரி.

உலகம்மை தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷன் லிங்கராஜ் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்தக்கடையில் வேலை பார்க்கிறார். மணக்காட்டில் வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் கெஞ்சி வாங்கிய மொட்டை மாடியில் நிழல்வலை கட்டி ஆர்க்கிட் வளர்த்தாள். கல்யாண மேடை ஜோடிக்கிற யூசுப் அவளிடம்தான் பூ எடுப்பான். வருஷம் பூராவும் பாடுபடுவது மலையாளத்துச் சிங்க மாதத்து, அதாவது ஆவணி, முகூர்த்தங்களுக்காகத்தான். அந்த மாதம் கைகொடுத்தால் மற்ற மாதங்கள் தானாக நடக்கும்.

இந்த முறை இலையில் கறுப்புத் திட்டு விழுந்தது. பூவிதழில் துருப் பிடித்தாற்போல் கறை. யூசுப் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, இது வைரஸாக்கும். கத்தி வழியாத்தான் போகும். சீக்குச் செடிய வெட்டின கத்தியால நல்லதத் தொட்டா அதும் போச்சு. எது நல்லது, எது உள்ளுக்குள்ள சீக்குன்னு கண்ணுக்கும் தெரியாது, கேட்டீங்களா?"

அன்றைக்கே அவள் மாடியை இரண்டாகப் பிரித்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் நோயாளிகள், அந்தப் பக்கம் நல்லவர்கள். கத்தியை அடுப்பில் காட்டி வெட்டிப் பார்த்தாள். முனை மழுங்கியது, சூட்டில் தண்டு கருகியது, பூ விற்கவில்லை. நல்ல பக்கத்தில் தண்டுகள் மொட்டு விரித்து நின்றன. வெட்டாவிட்டால் பூ போச்சு, வெட்டினால் செடி போகுமோ என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நிலையத்தின் வாசலிலேயே காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"சேச்சி, கவர்ல என்னதாணு?"

"சீக்கு வந்த இலை, சார். காட்டணும்லா."

"சீக்குள்ள எலையெல்லாம் உள்ள கொண்டுபோகப் பற்றில்ல, விடமாட்டோம். இங்க உள்ள வைரஸுக்கு ஒட்டிப் பிடிச்சா ஆரு சமாதானம் சொல்வா?"

இலையைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, செருப்பையும் கழற்றச் சொல்லிவிட்டு உள்ளே அனுப்பினான். முன்கூடத்தில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. நிறுவியவர் படம், இப்போதைய இயக்குநர் படம், நடுவில் வைரஸின் படம். மூன்றில் வைரஸ்தான் பெரியது. வைரஸ் இருக்கும் அறையில் இரவும் பகலும் ஏசி ஓடியது. ஊழியர்கள் இருந்த அறையில் ஃபேன் ரிப்பேர். கரண்டு போனால் வைரஸுக்கு ஜெனரேட்டர் உண்டு, மனிதர்களுக்குக் கைவிசிறி உண்டு.

இயக்குநர் டாக்டர் சாம்பசிவன் கோட்டைக்குள் பழைய தெருவில் பிறந்தவர். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் வீட்டுத் தமிழிலேயே பேசுவார். அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கோ, உக்காருங்கோ. விவசாயிகளுக்காகத்தான் இந்த நிலையமே. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வந்ததில்லை. அதனால நாங்களும் தொந்தரவில்லாம விவசாயத்துக்கு சேவை பண்ண முடிஞ்சுது."

உலகம்மை கேள்வியைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

"மக்காச்சோளக் கதிர் பார்த்திருக்கேளா? நடுவுல தண்டு, சுத்தி அடுக்கடுக்கா மணி. நம்ம வைரஸும் அப்படித்தான். நடுவுல ஒரு இழை, சுத்தி புரதம். மணியெல்லாம் உதிர்ந்தா வைரஸ் குலைஞ்சுடுத்துன்னு அர்த்தம். ஸ்பிரிட்டு, அசிட்டோன், குளோரோஃபார்ம், இதுகள்ல போட்டா உதிரணும்னு புஸ்தகத்துல இருக்கு. ஜப்பான்ல போட்டா உதிர்றது. ஹாலந்துல போட்டா உதிர்றது. நம்ம நிலையத்துல எதுல போட்டாலும் உதிர்றதில்லை."

"ஏன் சார்?"

"அதுதானே பெருமை. அனந்தபுரி மண்ணோட வைரஸ். அசைக்க முடியுமோ?"

அவர் கண் கலங்கியே போய்விட்டது. பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட அப்படிக் கலங்கியிருக்க மாட்டார். உலகம்மை பொறுமையாய் இருந்து, கடைசியில் தன் கேள்வியைக் கேட்டாள்.

"ரொம்ப நல்ல கேள்வி," என்றார் சாம்பசிவன். "ஆனா பாருங்கோ, நாங்க வைரஸைத் திரவத்துல போடறோம். நீங்க கத்தியைப் போடணும்கறேள். கத்தி இரும்பு. அது எங்க வரம்புல வராது."

"கத்தியில ஒட்டியிருக்கது வைரஸ்தான சார்?"

"கத்தியில ஒட்டியிருக்கறவரைக்கும் அது கத்தியைச் சேர்ந்தது. சோதனைக் குழாய்க்குள்ள வந்தாத்தான் எங்களைச் சேர்ந்தது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே இப்படிப் பேசினால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? ஆனால் விவசாயியை வெறுங்கையோடு அனுப்பவும் இயக்குநருக்கு மனமில்லை. ஸ்பிரிட் பிரிவில் ஆராய்ச்சி செய்கிற பத்மப்ரியா என்ற பெண்ணிடம் அனுப்பிவைத்தார்.

பத்மப்ரியா கரமனைக்காரி. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். பட்டத்துக்காகப் பல வருஷமாய் அங்கே காத்துக் கிடந்தாள்.

"அக்கா, இங்க ஒருத்தருக்கு ஒரு திரவம். எனக்கு ஸ்பிரிட். பத்து சதவீதத்துல போட்டேன், வைரஸ் சுகமா இருக்கு. அம்பதுல போட்டேன், சுகம். தொண்ணூறுல போட்டேன், பின்னயும் சுகம். எனக்கு முன்னாடி அசிட்டோன் பண்ணினவருக்கும் இதே ரிசல்ட். குளோரோஃபார்முக்கும் இதே. ஒண்ணும் ஆகலைன்னு எழுதினவாளுக்கெல்லாம் டாக்டர் பட்டம் கிட்டியாச்சு."

"ஒருத்தருக்குக்கூட உதிரலியாம்மா?"

பத்மப்ரியா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருத்தனுக்கு உதிர்ந்துது. கிரிஷ்னு ஒரு பையன். ஸ்டோர்ல கேட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாம, வெளியிலேர்ந்து தானே ஒரு பாட்டில் ஏற்பாடு பண்ணிண்டு வந்தான். வைரஸ் பொலபொலன்னு உதிர்ந்துடுத்து. அங்கீகாரமில்லாத ஸ்பிரிட்டு, ஒழுக்கக்கேடுன்னு சொல்லி அவனை மாத்திட்டா. இப்ப போனக்காட்டு மலையில மழை அளக்கறான்."

"அப்ப நம்ம ஸ்பிரிட்டுக்கு என்ன கேடு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ஸ்டோர்லேர்ந்து வரும், நான் எடுத்துப்பேன். வேணும்னா செல்வகணேஷ் அண்ணாச்சியைக் கேட்டுப் பாருங்கோ."

ஸ்டோர் அறையில் செல்வகணேஷ் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர். பச்சைத் தண்ணீரும் பால் விடாத கட்டஞ்சாயாவும் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்காத சுத்த மனிதர். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுக்குள் பூட்டாக, ஒரு பெரிய பாட்டில் இருந்தது. அதன் கழுத்தருகே சிவப்பாக ஒரு கோடு. திரவம் அந்தக் கோட்டை முத்தமிட்டுக்கொண்டு நின்றது. சுவரில் சட்டம் போட்ட நற்சான்றிதழ் ஒன்று. நாட்டிலேயே மிகக் குறைந்த அளவு ஸ்பிரிட் செலவழித்த ஆராய்ச்சி நிலையம் இது என்று அதில் எழுதியிருந்தது.

"பாத்தியளா தாயி," என்றார் அவர் பெருமையோடு. "ஸ்பிரிட்டுன்னா லேசுப்பட்ட காரியமில்ல. எக்சைஸ்காரன் வருவான். வந்து கோட்டப் பாப்பான். ஒரு நூலு எறங்கியிருந்தாலும் குடிச்சிட்டம்னு கேஸு. நான் விடுவனா? தெனமும் வந்ததும் மொத வேலை இதான். ஆராய்ச்சிக்கு எடுத்தது எவ்வளவு, ஆவியாப் போனது எவ்வளவு, அவ்வளவையும் ஊத்திக் கோட்டுக்குக் கொண்டாந்துருவேன்."

"என்னத்த ஊத்துவிய, அண்ணாச்சி?"

"பைப்புத் தண்ணின்னு நெனச்சிராதிய. காய்ச்சி வடிச்ச சுத்தத் தண்ணி."

உலகம்மை அலமாரிக்கு அருகே போய்ப் பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"புதுசு வாங்க மாட்டியளா?"

"தீர்ந்தாத்தான வாங்க? தீர்ந்ததுன்னு நான் எழுதிக் குடுக்கணும், ஆபீசர் கையெழுத்துப் போடணும், அப்பந்தான் புதுசு. என் சர்வீஸ்ல ஒரு பாட்டிலும் தீர்ந்ததில்ல. எனக்கு முந்தி இருந்தவரும் நேர்மையானவருதான். அந்தா, அசிட்டோன். அந்தா, குளோரோஃபார்ம். ஒண்ணாவது குறைஞ்சிருக்கா, பாருங்க."

ஒன்றும் குறையவில்லைதான். வரிசையாய் அத்தனை பாட்டிலும் கோட்டுக்கு நின்றன. ஒருத்தன் திருடியிருந்தால்கூட ஒருநாள் பாட்டில் காலியாகி, புதிது வந்து, ஆராய்ச்சி பிழைத்திருக்கும். நேர்மையான இரண்டு பேர் கையில் சிக்கி நாசமாய்ப் போனது.

அவள் மறுபடி இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், பாட்டில்ல உள்ளது தண்ணியாக்கும். அம்பது வருசமா வைரஸத் தண்ணியிலதான் முக்கிருக்கிய. தண்ணியில அது எப்படிச் சாவும்?"

சாம்பசிவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மனிதர் என்று மதிக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இதற்கு ஒரு கமிட்டி போடலாம் என்றார். விவசாயிகளின் பிரதிநிதியாக அவளையே அதில் உறுப்பினராகவும் போட்டார்.

கமிட்டி கூடியது. முதலில் பழம்பொரி வந்தது, பிறகு சாயா வந்தது, பிறகு விஷயம் வந்தது. நிர்வாக அதிகாரிதான் முதலில் பேசினார்.

"பாட்டிலின்மேல் ஸ்பிரிட் என்று எழுதியிருக்கிறது. எழுதியதைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் நிர்வாகம் நடக்காது. நாளைக்கு என் அறைக் கதவில் நிர்வாக அதிகாரி என்று எழுதியிருப்பதையும் யாராவது சந்தேகப்படுவார்கள்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து ஒரு மூத்த விஞ்ஞானி எழுந்தார். நிலையத்தில் அதிகமான ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர் அவர்.

"ஒரு பேச்சுக்கு அது தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வைரஸ் தண்ணீரில் குலையாது என்று இவ்வளவு ஆழமாக, இவ்வளவு காலம் உலகத்தில் யார் நிரூபித்திருக்கிறார்கள்? இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நான் இதை வைத்துத்தான் பதினோரு நாடுகளுக்குப் போய் வந்தேன்."

"ஒரு குச்சியக் கிழிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்லா," என்றாள் உலகம்மை. "ஸ்பிரிட்டுன்னா பத்தும். தண்ணின்னா பத்தாது."

இருப்பில் உள்ள பொருளை எரிப்பது தணிக்கைக் குற்றம் என்று நிர்வாக அதிகாரி பதறினார். ஆனால் சாம்பசிவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த மனிதர் தன் பாட்டிலை உண்மையாகவே நம்பினார். அதுதான் கொடுமை.

"கொளுத்தலாமே. பொன்விழாவுக்குக் குத்துவிளக்கு ஏத்தணுமோல்லியோ? எண்ணெய்க்குப் பதிலா நம்ம ஸ்பிரிட்டையே ஊத்தி ஏத்திடுவோம். விழாச் செலவுன்னு எழுதிக்கலாம். பேசற வாயெல்லாம் அன்னிக்கு அடைஞ்சுடும்."

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. கலையும்போது உலகம்மை அவரை வழிமறித்தாள்.

"சார், விழா உங்க பாடு. எனக்குச் சிங்கத்துக்குப் பூ வெட்டணும். எதுல முக்கணும்னு சொல்லிப்போடுங்க, நான் போயிருதேன்."

"அதுக்கு ஒரு கையேடே தயாரா இருக்கும்மா. பூ விவசாயிகளுக்கான வழிகாட்டி."

"ஒண்ணு குடுங்களேன்."

"பொன்விழாவுலதான் வெளியிடணும். இப்பக் கொடுத்தா அது வெளியாயிடுமே. அப்புறம் சிறப்பு விருந்தினர் எதை வெளியிடுவார்? நீங்க ஒண்ணு பண்ணுங்கோ. உங்க நல்ல செடிகளையெல்லாம் விழாவுக்குக் கொண்டுவாங்கோ. அவர் கையால முதல் பூ வெட்டி விளவெடுப்பு, அதான் அறுவடை, தொடங்கிவைக்கட்டும். முதல் கையேடும் உங்களுக்குத்தான்."

வீட்டில் லிங்கராஜ் ஒரே வார்த்தையில் சொன்னார். "வேண்டாம் ளா."

"கையேடு வேணும்லா?" என்றாள் உலகம்மை. "அதுல என்ன எழுதிருக்குன்னு தெரியாம நான் எப்படி வெட்டுவேன்? கத்திரிக்கோலத் தனியா, புதுசா வைக்கச் சொல்லிட்டேன். சரின்னுட்டாரு."

விழா நாளில் தொட்டிக்கு அந்தப் பக்கத்துச் செடிகள் அத்தனையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏறி நிலையத்துக்குப் போயின. மேடை முன்னால் வரிசையாக வைத்தார்கள். வெள்ளையும் ஊதாவுமாய் நின்ற அவற்றை அவளே வரிசையின் நீளத்துக்கும் நடந்து பார்த்தாள். வரிசையின் தொடக்கத்தில் பட்டுத் துணி சுற்றிய தொட்டி ஒன்று இருந்தது. இலையெல்லாம் திட்டுத் திட்டாய், பார்க்கவே பரிதாபமான ஒரு செடி. நிலையத்துக்கு ஐம்பது வருஷமாய் வைரஸ் கொடுத்துவரும் தாய்ச்செடி அதுதானாம். அதற்கும் சந்தனம் வைத்திருந்தார்கள்.

டெல்லியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், ஏதோ ஓர் உயர்மட்டக் குழுவின் தலைவர், விளக்கின் முன் நின்றார். ஐந்து திரியும் நிலையத்து ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்தன. முதல் குச்சி புஸ்ஸென்று அணைந்தது. இரண்டாவது அணைந்தது. தொகுப்பாளினி ஷில்பா, கையிலிருந்த தாளைப் பார்த்து, "அறிவின் ஒளி அரங்கம் எங்கும் பரவுகின்ற இந்த வேளையில்" என்று வாசித்துக்கொண்டே போனாள். வாசித்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஊழியர்கள் கைதட்டினார்கள். பெட்டி தீர்ந்து அடுத்த பெட்டி வந்தது. திரி சொட்டச் சொட்ட நனைந்து நின்றதே தவிர ஒரு பொறி பற்றவில்லை. கடைசியில் நிர்வாக அதிகாரி தன் செல்போன் டார்ச்சை விளக்குக்குப் பின்னால் பிடித்தார். சிறப்பு விருந்தினர் குச்சியை அதற்கு நேரே நீட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

இனியாவது வெட்கப்படுவார்கள் என்று உலகம்மை நினைத்தாள். சாம்பசிவன் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் ஒண்ணைக் கவனிச்சிருப்பேள். சாதாரண ஸ்பிரிட்டா இருந்தா நெருப்பைப் பார்த்ததும் எரிஞ்சுபோயிருக்கும். நம்ம நிலையத்துல வைரஸ் மட்டுமில்லை, ஸ்பிரிட்டும் நிலைகுலையாது. அம்பது வருஷம் ஒண்ணோட ஒண்ணு பழகினதுல அந்த குணம் இதுக்கும் வந்துடுத்து. இதை ஆராய அடுத்த அம்பது வருஷத்துக்குப் புதுப் பிரிவு ஒண்ணு தொடங்கணும்னு தலைவர்கிட்ட விண்ணப்பம் வைக்கறேன்."

தலைவர் அங்கேயே சம்மதித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்தது விளவெடுப்பு. வெள்ளித் தட்டில் கத்திரிக்கோல் வந்தது. சொன்னபடியே தனி, சொன்னபடியே புதிது. சிறப்பு விருந்தினர் அதை எடுத்தார். மரியாதை முதலில் மூத்தவளுக்கு என்று, தாய்ச்செடியில் ஓர் இலையை நறுக்கினார். பக்கத்தில் பித்தளைக் கிண்ணத்தில் வைத்திருந்த நிலையத்து ஸ்பிரிட்டில் கத்திரிக்கோலை ஒரு முக்கு முக்கினார். ஈரம் சொட்ட அவள் செடிகளின் பக்கம் திரும்பினார்.

உலகம்மை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினாள். மேடைப்படியில் கால் வைத்ததும் இரண்டு பேர் பொன்னாடையை விரித்து அவளைச் சுற்றினார்கள். கையை வெளியே எடுக்க முடியவில்லை. ஒருவர் முன்பக்கம் இழுத்துப் பிடித்தார், இன்னொருவர் போட்டோவுக்காகத் தோளைத் திருப்பினார்.

"சார், அதால வெட்டாதிய. அது தண்ணி. வெறும் தண்ணி சார்."

மைக் அவள் குரலைப் பிடித்தது. அரங்கம் முழுவதும் கேட்டது.

"பாவம், கூச்சப்படறா," என்றார் சாம்பசிவன்.

சிறப்பு விருந்தினர் உற்சாகமான மனிதர். முதல் பூவோடு நிறுத்தவில்லை. ஒரு செடிக்கு ஒரு தண்டு என்று வரிசை முழுவதும் வெட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் மறக்காமல் கிண்ணத்தில் முக்கினார். அந்தச் சுத்தத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பொன்னாடை அவிழ்ந்தபோது கடைசிச் செடியும் முடிந்திருந்தது. அவள் கையில் ரிப்பன் கட்டிய கையேட்டைத் திணித்தார்கள். அட்டையில் சிறப்பு விருந்தினர் படம், உள்ளே இயக்குநர் படம். கடைசிப் பக்கத்தில் கத்தி வந்தது. 'பூ வெட்டும் கருவிகளை ஒவ்வொரு முறையும் தகுந்த திரவத்தில் முக்கி எடுக்கவும். தகுந்த திரவம் எது என்பது ஆய்வில் உள்ளது.'

உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்கிற கதை ஆயிற்று. சில வாரத்தில் நல்ல பக்கத்து இலைகளிலும் திட்டு விழுந்தது. ஒவ்வொரு செடியிலும் வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கியது. உலகம்மை மாடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லிங்கராஜ் கடைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிங்கத்து முகூர்த்தங்களுக்கு யூசுப் பெங்களூரிலிருந்து பூ இறக்கினான்.

நிலையத்திலிருந்து ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். செடிகளைப் பார்த்ததும் அவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. ஸ்பிரிட்டில் முக்கிய கருவியால் வெட்டியும் நோய் பரவியிருக்கிறது. ஐம்பது வருஷ ஆராய்ச்சிக்குக் களத்திலேயே சாட்சி கிடைத்துவிட்டது. இலைகளைப் பறித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நன்றி அத்தோடு நிற்கவில்லை. நிலையம் கட்டுரை எழுதியது. உலகத்திலேயே குலைக்க முடியாத அந்த வைரஸ் இனத்துக்கு, அது கிடைத்த மாடிக்குச் சொந்தக்காரியின் பெயரையே வைத்துக் கௌரவித்தது. பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: 'உலகம்மை வைரஸ்: பூ விவசாயிகள் எச்சரிக்கை.'

அன்று யூசுப் போன் செய்தான். இழுத்து இழுத்துப் பேசினான்.

"அக்கா, எனக்கு உங்க மேல ஒண்ணுமில்ல. பட்சே கல்யாண வீட்டுக்காரங்க பேப்பர் படிக்கிறாங்கல்லே? உலகம்மைகிட்ட எடுத்த பூவான்னு கேக்குறாங்க. இனி நீங்க புதுசா செடி வச்சாலும்... கொஞ்ச காலம் போகட்டும் அக்கா."

கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு காலம் என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு முகம் கழுவினாள், சேலை மாற்றினாள், பஸ் ஏறினாள். வெயிலில் அந்த மேட்டை நடந்தே ஏறினாள். காவலாளி செருப்பைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை.

உள்ளே கமிட்டி கூடியிருந்தது. புதுப் பிரிவுக்கு அனுமதி வந்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில், பூமாலை போட்டு, அந்த ஸ்பிரிட் பாட்டிலை வைத்திருந்தார்கள். ஓரத்தில் செல்வகணேஷும், குறிப்பெடுக்க நோட்டோடு பத்மப்ரியாவும் நின்றார்கள்.

"வாங்கோ வாங்கோ," என்றார் சாம்பசிவன். "உங்க பேர் இனிமே அழியாது."

"என் பேர எடுத்துருங்க சார். பொழப்பு போச்சு. செடியும் போச்சு. பேராவது எனக்குன்னு இருக்கட்டும்."

"அது முடியாதேம்மா. வச்ச பேரை எடுக்கணும்னா ஆராய்ச்சி தப்புன்னு ஆகும். தப்புன்னு யார் நிரூபிப்பா? இது தொண்ணூறு சதவீத ஸ்பிரிட். ஒரு வாய் போனா மனுஷக் குடலே வெந்துடும். அதுலயே குலையாத வைரஸாக்கும் உங்க பேர்ல இருக்கறது. பெருமைப்படணும்."

உலகம்மை மேசைக்குப் போய், மாலையை எடுத்துக் கீழே போட்டாள். மூடியைத் திருகினாள். மண்டையோடு வரைந்த அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள்.

மூத்த விஞ்ஞானி நாற்காலியின் பின்னால் ஒதுங்கினார். செல்வகணேஷ் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, கோட்டை விட்டு இறங்குகிற திரவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாட்டிலை மேசைமேல் வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"மேட்டுல ஏறி வந்ததுக்கு நல்லாருக்கு சார்," என்றாள். "இதத்தான் அம்பது வருசமா ஆராய்ச்சி பண்ணிருக்கிய. போயிட்டு வாரேன்."

அவள் விழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் விழவில்லை. நேராக நடந்து, கதவைத் திறந்து, படியிறங்கிப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தபோது கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். பத்மப்ரியா இயக்குநரைப் பார்த்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த மனிதர் முகத்தில் என்னவோ ஓடியது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன பார்த்துண்டு நிக்கறே? எழுதிக்கோ," என்றார். "தொண்ணூறு சதவீத ஸ்பிரிட்டிலும் உலகம்மை குலையவில்லை."